கழுத்து திரும்பாத லைப்ரரி சார்

எங்கள் ஊரில் தெருவில் ஒருவரை எதிரே பார்த்தால், "எங்க, டவுனுக்கா?" என்று கேட்க வேண்டும். பதில் சொல்கிறார்களா, தலையை மட்டும் ஆட்டுகிறார்களா என்பது முக்கியமில்லை. கேட்காமல் போனால், "அவருக்கு நம்ம மேல என்ன கோவமாம்?" என்று மறுநாளே விசாரணை வந்துவிடும். எங்கள் கிளை நூலகத்துக்கு மாற்றலாகி வந்த அந்த நூலகர் யாரையும் அப்படிக் கேட்டதில்லை. பையோடு போனாலும் கேட்கமாட்டார், பெட்டி படுக்கையோடு போனாலும் கேட்கமாட்டார். ஒரு வணக்கம், ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். அவர் வந்த மாதமே எதிர்த்த டீக்கடைக்காரர் தீர்ப்பு எழுதிவிட்டார்: "லைப்ரரி சாருக்குக் கழுத்து திரும்பாதுங்க. பொறப்புலயே அப்படி வாச்சிருக்கு."

நாற்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு. சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா. புத்தகத்தைப் பதிவு செய்யும்போது அட்டையைப் பார்க்கமாட்டார். நாம் நேராக நீட்டினால்கூட வாங்கிக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, பின்பக்கம் திறந்து, ஒட்டியிருக்கும் தாளில் தேதி முத்திரை குத்தி, எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு, கவிழ்ந்தபடியே திருப்பித் தருவார். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"என்ன புத்தகம்னு பாக்கவே மாட்டீங்களா சார்?"

"நம்பர் போதுங்களே. நம்பர் எங்களுது, புத்தகம் உங்களுது."

இது அடக்கமா, அலட்சியமா என்று எனக்கு அப்போது புரியவில்லை. நான் பக்கத்து ஊர் ஆண்கள் பள்ளியில் இளநிலை உதவியாளர். நாள் முழுக்க அடுத்தவர் பிறந்த தேதியையும் சாதிச் சான்றிதழையும் சரிபார்ப்பதுதான் என் வேலை. பார்க்காமலே வேலை செய்கிற ஒருவர் எனக்கு விசித்திரமாகத் தெரிந்தார்.

அவர் வந்த பிறகுதான் நூலகத்துக்குக் கணினி வந்தது. ஆலத்தியூர்ப் பக்கம் சிமென்ட் ஆலையில் என் கணவர் ஷிப்டு வேலை பார்த்தார். அங்கே அலுவலகத்தில் கழித்துப்போட்ட நான்கு கணினிகளை நூலகத்துக்குக் கேட்டு வாங்கியதில் அவருக்கும் பங்கு உண்டு. வந்த இரண்டே மாதத்தில் நான்கும் வைரஸ் பிடித்துப் படுத்துவிட்டன. பெரம்பலூரிலிருந்து ரிப்பேர்க்காரர் வந்து சரிசெய்துவிட்டுப் போவார். அவர் பஸ் ஏறுவதற்குள் ஒன்று மறுபடி படுத்துவிடும்.

அப்புறம் ஏதோ ஒரு கணினிப் பத்திரிகையோடு இலவசமாக வந்த குறுந்தகட்டை வைத்துக்கொண்டு நூலகர் சாரே உட்கார்ந்தார். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்றார். மூன்று வாரம், மதியம் நூலகம் மூடியிருக்கும் நேரமெல்லாம் அதிலேயே கிடந்தார். வார விடுமுறையான வெள்ளிக்கிழமையும் கதவு பாதி திறந்திருக்கும். உள்ளே அவர் மட்டும் ஒரு தடிமனான அச்சுத்தாள் கட்டோடு இருப்பார். கடைசியில் ஒரு கணினியை மட்டும் தலைவனாக வைத்து, மற்ற மூன்றையும் அதிலிருந்து ஓடும்படி செய்துவிட்டார். "இந்த மூணுக்கும் சொந்த மூளை கிடையாதுங்க. அதனால சீக்கும் வராது" என்றார். திரையில் எல்லாம் தமிழ். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. தட்டச்சில் ஹையர் முடித்தவள் நான். இயந்திரம் என்றால் கொஞ்சம் ஆசை உண்டு.

"இதெல்லாம் யார் சார் செஞ்சது?"

"யார் யாரோங்க. ஆளுக்குக் கொஞ்சம். நமக்குப் புடிக்கலைன்னா நாமளே மாத்திக்கலாம். பூட்டு கிடையாது."

பூட்டு இல்லாத அந்தப் பொருளை வைத்து அவர் செய்த முதல் காரியம், ஒருவர் பார்த்ததை இன்னொருவர் பார்க்க முடியாதபடி செய்ததுதான். ஒருவர் வேலை முடித்து வெளியேறும் பொத்தானை அழுத்தியதும், அவர் பார்த்த பக்கம், எழுதிய கடிதம், தேடிய சொல் அத்தனையும் துடைத்துப் போய்விடும். அடுத்தவர் உட்காரும்போது கழுவிய பலகை மாதிரி இருக்கும். நோட்டில் பெயரும், வந்த நேரமும் போன நேரமும் இருக்கும். அதற்கு மேல் எதுவும் கிடையாது. அவருடைய மேசையையும் திரைகளின் முதுகு மட்டும் தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொண்டார். யாராவது சந்தேகம் கேட்டுக் கூப்பிட்டால் பத்தடி தூரத்திலேயே ஒரு இருமல் இருமிவிட்டுத்தான் பக்கத்தில் வருவார்.

ஆனால் அந்தப் பொத்தானை ஒருவரும் அழுத்தவில்லை. எழுந்து அப்படியே போய்விடுவார்கள். அதனால்தான் அந்த லாரி டிரைவர் விஷயம் நடந்தது.

சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். நல்ல மனிதர், ஐம்பது வயது. அவருக்கு மூலம். யாரிடமும் சொல்லாமல் நூலகத்துக்கு வந்து, ஒரு விரலால் தட்டித் தட்டி, அதைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். படித்துவிட்டுத் திரையை அப்படியே விட்டுப் போய்விட்டார். அடுத்து உட்கார்ந்த கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் அதைச் சத்தமாக வாசித்துக் காட்ட, மாலைக்குள் டீக்கடைக்கு வந்துவிட்டது. "அண்ணே, பெஞ்சுல உக்காருறீங்களா, நின்னுக்குறீங்களா?" டிரைவர் அதற்குப் பிறகு அந்தத் தெருப்பக்கமே வரவில்லை.

யாரையும் எங்கே போகிறாய் என்று கேட்காத மனிதர், அந்த டிரைவரைத் தேடிக்கொண்டு வீட்டுக்கே போனார். இதை அவரே பின்னாளில் என்னிடம் சொன்னார். போய், மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டாராம்: எழுந்து வரும்போது அந்தப் பொத்தானை ஏன் அழுத்தவில்லை?

"அதுல 'வெளியேறு'ன்னு போட்டிருக்குங்களே சார்" என்றாராம் டிரைவர். "நான்தான் எந்திரிச்சுப் போறேனே, அப்பறம் அது எதுக்கு என்னைய வெளியேறுங்குது? அழுத்துனா லைப்ரரிலேருந்தே பேரை எடுத்துருவாங்களோன்னு பயந்துட்டேன். எதிரி வூட்டுக்கு வந்தாக்கூட அப்படிச் சொல்லமாட்டோங்க."

நூலகர் சார் திரும்பி வந்து, மறுநாள் வருகிறவர்களிடமெல்லாம் விசாரித்திருக்கிறார். பாதிப் பேர் அதையேதான் நினைத்திருந்தார்கள். அன்றைக்கே மொழிபெயர்ப்புக் கோப்பைத் திறந்தார். எனக்கும் காட்டினார். மேலே ஆங்கிலச் சொல், கீழே தமிழ்ச் சொல், அப்படியே ஆயிரக்கணக்கில். 'வெளியேறு' இருந்த இடத்தில் 'போயிட்டு வரேன்' என்று தட்டினார். அவ்வளவுதான். மறுநாள் முதல் எல்லோரும் அழுத்தினார்கள். சிலர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அழுத்தினார்கள். 'நிரலைக் கொல்லவா?' என்று திரை கேட்டால் எழுந்து ஓடிக்கொண்டிருந்த ஒரு பாட்டு வாத்தியாருக்காக அதை 'நிறுத்தட்டுமா?' என்று மாற்றினார்.

அந்தத் தமிழ் மொழிபெயர்ப்பைச் செய்த குழுவினருக்கும் எழுதிப் போட்டிருக்கிறார். 'போயிட்டு வரேன்' கொச்சை, ஏற்க முடியாது என்று அவர்கள் பதில் போட்டார்கள். சார் சிரித்துக்கொண்டார். "சரிங்க, அவங்க ஊர்ல வெளியேறட்டும். நம்ம ஊர்ல போயிட்டு வரட்டும்."

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் மனதில் ஒரு ஓரத்தில் உறுத்தல் இருந்தது. எங்கள் அலுவலகத்தில் ஒரு அம்மா கேட்டார்: "எதுக்கு எல்லாத்தையும் அழிக்கணும்? தப்பு நடந்தாத்தானே அழிக்கணும்?" எனக்கும் அப்படித்தான் பட்டது. ஏனென்றால் அப்போது என் மகள் தினமும் பள்ளி விட்டு நேராக அங்கேதான் போய்க்கொண்டிருந்தாள்.

பிளஸ் ஒன் படித்தாள். கலகலவென்று பேசுகிற பெண். அந்த மழைக்காலத்தில் திடீரென்று பேச்சு குறைந்துவிட்டது. என்னோடு சேர்ந்து கடைத்தெருவுக்கு வருவதை நிறுத்தினாள். உடை மாற்றக் கதவைத் தாழ் போட்டாள். வயதுப் பெண்ணைப் பெற்றவளுக்கு வேறென்ன தோன்றும்? யாரோ ஒரு பையன் என்றுதான் நினைத்தேன். கணவரிடம் சொல்லப் பயம். அவளிடம் கேட்டால், "ஒண்ணுமில்லம்மா."

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்கு அலுவலகத்துக்குப் போன் வந்தது. மகளின் வகுப்பாசிரியை. "உங்க பொண்ணு இன்னைக்கு வரலையே, காய்ச்சலா?"

அவள் எட்டரைக்கே சீருடையில் கிளம்பியிருந்தாள்.

நான் எப்படி நூலகத்துக்கு வந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. செருப்பு ஒன்று எங்கேயோ அறுந்து போயிருந்தது. உள்ளே நாலைந்து பேர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். மேசை மேல் இருந்த நோட்டைப் பிடுங்கிப் புரட்டினேன். அந்த மாதத்தில் பதினோரு நாள் அவள் பெயர் இருந்தது. நாலரை முதல் ஐந்தரை. நாலரை முதல் ஐந்தேகால்.

"சார், என் பொண்ணைக் காணோம். இங்க வந்து என்ன பாத்தா? யாருக்கு எழுதுனா?"

அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"எனக்குத் தெரியாதுங்க."

"தெரியாதா, சொல்லமாட்டீங்களா?"

"ரெண்டும்தாங்க. சொல்லக்கூடாதுன்னுதான், தெரியாத மாதிரி வெச்சுக்கிட்டேன்."

"அந்த மிஷின்ல இருக்குமில்ல? தோண்டி எடுங்க!"

"இருக்காதுங்கம்மா. அழிஞ்சிரும். நான் நெனச்சாலும் எடுக்க முடியாது."

நான் கத்தினேன். பேப்பர் படித்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். "ஒரு பொண்ணைப் பெத்திருந்தா இப்படி ஒரு மிஷினை வெப்பீங்களா?" என்றேன்.

"ரெண்டு பொண்ணு இருக்குங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஜன்னல்களைச் சாத்தினார். படித்துக்கொண்டிருந்தவர்களிடம், "மன்னிச்சுக்கங்க, இன்னைக்கு இதோட மூடுறேன்" என்றார். அவர் நேரத்துக்கு முன்னால் நூலகத்தை மூடி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். மொபெட்டைக் கிளப்பி, "உக்காருங்கம்மா, பஸ் ஸ்டாண்டுக்குப் போவோம்" என்றார்.

பெரம்பலூர் பஸ் நிலையத்தில் ஒவ்வொரு கண்டக்டராகப் போய்க் கேட்டார். என்ன சீருடை, எவ்வளவு உயரம், ரிப்பன் என்ன நிறம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டு போய்க் கேட்டார். ஏன் போனாள், யாரோடு போனாள் என்று என்னிடமும் கேட்கவில்லை, அவர்களிடமும் கேட்கவில்லை. ஒரு கண்டக்டர் சொன்னார்: "காலையில அரியலூருக்கு ஏறுச்சுங்க. தனியாத்தான் வந்துச்சு. சில்லறை கரெக்டா குடுத்துச்சு, அதான் ஞாபகம்."

தனியாகத்தான் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அரியலூரில் ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து எங்கே வேண்டுமானாலும் போய்விடலாம் என்று தோன்றியதும் எழுந்து நின்றுவிட்டேன். இப்போது இதை எழுதும்போதும் எழுந்து நிற்கத் தோன்றுகிறது. இரண்டு வருடம் ஆகிவிட்டது.

அரியலூர் பஸ்ஸில் ஏறப் போனோம். அதற்குள் அங்கிருந்து வந்து நின்ற வண்டியிலிருந்து அவளே இறங்கினாள். தோளில் பள்ளிப் பை. என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். நான் அவளை அடிக்கக் கையை ஓங்கி, கட்டிப்பிடித்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் நூலகர் சார் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்த பஸ்ஸின் நம்பர் பலகையை ரொம்பக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

தோழிக்கு ஏதோ விண்ணப்பம் வாங்கப் போனேன் என்றாள் மகள். பொய் என்று தெரிந்தது. எத்தனை தடவை கேட்டும் அதையேதான் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து நூலகத்துக்குப் போனேன். நன்றி சொல்லப் போகவில்லை.

"சார், அன்னைக்குப் பேசுனதுக்கு மன்னிச்சுக்கங்க. ஆனா இனிமே அவ பாக்குறது எனக்குத் தெரியணும். உங்களால முடியுமா, முடியாதா?"

"முடியுங்க" என்றார். நான் எதிர்பார்க்கவில்லை. "பூட்டு இல்லாததாச்சே. பத்து நிமிஷ வேலை. யார் எதைப் பாத்தாங்கன்னு வரி வரியா எழுதி வெக்கச் சொல்லலாம். ஆனா மூணு பொட்டி மேலயும் நோட்டீஸ் ஒட்டிருவேன். 'இங்கே நீங்கள் பார்ப்பது பதிவாகிறது'ன்னு. பெரிய எழுத்துல."

"நோட்டீஸ் ஒட்டுனா அவ வரவே மாட்டாளே சார்."

"வரமாட்டாங்க."

"நோட்டீஸ் இல்லாம..."

"அது மட்டும் முடியாதுங்கம்மா." மெதுவாகத்தான் சொன்னார். "உங்க பொண்ணு இங்க வர்றதே நான் பாக்கமாட்டேங்கற நம்பிக்கையிலதான். ஒட்டவா, வேணாமா? நீங்க சொல்லுங்க."

எனக்கு ஆத்திரம் வந்தது. முடிவை என் தலையில் கட்டுகிறாரே என்று இருந்தது. வீட்டுக்குப் போய் அவருடைய மேலதிகாரிக்கு ஒரு புகார் எழுதினேன். அலுவலகத் தமிழில், நல்ல கையெழுத்தில், 'பெற்றோர் கண்காணிக்க இயலாத வகையில்' என்றெல்லாம். கைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் அலைந்தேன். தபால்பெட்டியைத் தாண்டும்போதெல்லாம், அவர் கண்டக்டர்களிடம் ரிப்பன் நிறம் சொல்லிக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் சனிக்கிழமை மறுபடி போனேன். மகள் நடுக் கணினியில் உட்கார்ந்திருந்தாள். அவர் என்னைப் பார்த்ததும் நோட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"பக்கத்துப் பொட்டி காலியாத்தாங்க இருக்கு. நீங்களும் உக்காருங்களேன். ஹையர் முடிச்ச கை, சும்மா எதுக்கு இருக்கணும்?"

உளவு பார்க்கத்தான் உட்கார்ந்தேன், ஒத்துக்கொள்கிறேன். நான் கழுத்தை நீட்டினால் மகள் திரையை லேசாகத் திருப்பினாள். மேசையிலிருந்து இருமல் சத்தம் வந்தது. நான் கழுத்தை இழுத்துக்கொண்டேன். இப்படியே இரண்டு சனிக்கிழமை போயின. சும்மா உட்கார்ந்திருக்க முடியாதே. மூன்றாவது வாரம் நானும் எதையாவது தேடலாம் என்று தட்ட ஆரம்பித்தேன்.

விரல் தானாகத் தட்டியது: நெஞ்சு படபடப்பு. எனக்கு ஒரு வருடமாக இருந்தது. ஒரு காரணமும் இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்ளும், வியர்க்கும். கணவரிடம் சொன்னதில்லை. டாக்டரிடம் போனதில்லை. ஏதாவது பெரிதாகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். ஆங்கிலத்தில்தான் நிறைய இருந்தது. ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அப்போது மகள் நாற்காலியை அசைத்தாள். சட்டென்று என் கை திரையைப் பிடித்து மறுபக்கம் திருப்பியது.

திருப்பிய பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரிந்தது.

அவள் பார்த்துவிட்டாள். "என்னம்மா மறைக்கிற?"

"ஒண்ணுமில்லடி."

"ஒண்ணுமில்லாததுக்கா வேர்த்து ஊத்துது?" எட்டிப் படித்தாள். "எத்தனை நாளா இருக்கு? ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பயப்படுவியேன்னுதான்."

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் திரையை இரண்டு கையாலும் பிடித்து, அந்தப் பழைய கனத்த பெட்டி கிறீச்சிட, என் பக்கம் திருப்பினாள். ஒரு இடுப்பின் படம். பழுப்புத் தோலில் பால் தெளித்த மாதிரி ஒரு திட்டு.

"எனக்கும் இங்க இருக்கு" என்று இடுப்பைத் தொட்டாள். "ரெண்டு ரூவாக் காசு அளவுதான்."

என் வாயில் அந்தச் சொல் வந்துவிட்டது. "வெண்குஷ்..."

"அப்படிச் சொல்லாதம்மா. அதுக்கும் குஷ்டத்துக்கும் சம்பந்தமே இல்ல. வெண்புள்ளி. தொட்டா ஒட்டாது. நீ இப்படித்தான் சொல்லுவன்னு தெரிஞ்சுதான் நான் இங்க வந்து படிச்சேன்." இடுப்பிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை. "அரியலூர்ல தோல் டாக்டர் ஒருத்தர் செவ்வாய்க்கெழமை மட்டும் வருவாராம். அன்னைக்குப் போனேன். பயப்படாத, மருந்து இருக்கு, ஆனா அடுத்த தடவை அம்மாவைக் கூட்டிட்டு வான்னு சொல்லிட்டாரு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..."

அவள் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை லீவு போடுகிறேன் என்று சொல்ல நினைத்தேன். அழுகைதான் வந்தது, அவளுக்கும் எனக்கும். அந்த நூலகத்தில் அவ்வளவு சத்தமாக யாரும் அழுதிருக்கமாட்டார்கள்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது கூடத்தில் எங்களைத் தவிர யாருமே இல்லை. மேசை காலியாக இருந்தது. கதவு சாத்தியிருந்தது. வாசலில் நாலைந்து பேர் முணுமுணுக்கும் சத்தமும், அவருடைய குரலும் கேட்டன.

"கொஞ்சம் நில்லுங்க. உள்ள கரண்ட் இல்லை. வந்ததும் கூப்பிடுறேன்."

எங்கள் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.